அனாமத்துக் கணக்கில் ஓர் அத்தை

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம் ஜனங்கள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கூடவே டிபன், தாம்போலா, குரூப் போட்டோ.

'வம்சாவளிச் சந்திப்பு' என்று பெயர். ஒரு கொள்ளுத் தாத்தாவைப் பிடித்துக்கொள்ள வேண்டியது. அவர் வழி வந்தவர்கள் எல்லோரையும் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்க்க வேண்டியது. வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ பூர்வீக ஊருக்கோ, குலதெய்வக் கோயிலுக்கோ கிளம்ப வேண்டியது. பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி என்று சிதறிக் கிடக்கும் குடும்பங்கள் பலவற்றில் இது நடக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா இந்நேரம் டி-ஷர்ட் சைஸ் கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கலாம்.

சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் விமர்சனம் எழுதுகிறோம். ஆயிரக்கணக்கில் செலவு செய்து, ஒரு நாள் முழுக்க நடத்துகிற இதற்கு யாரும் எழுதுவதில்லையே என்று எனக்கு ஒரு குறை. நண்பர் ஒருவர் தன் குடும்பச் சந்திப்புக்குக் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரலில் அரக்கோணம் லோக்கல் பிடித்தால் திருவள்ளூர் தாண்டியதும் கடம்பத்தூர். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது இந்த வழியாகத்தான். ஸ்டேஷனில் இறங்கி பேரம்பாக்கம் சாலையில் போனால் நண்பரின் பூர்வீக கிராமம். இதே கடம்பத்தூர் ஒன்றியத்தில்தான் கூவம் என்கிற ஊரும் இருக்கிறது. சென்னையில் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோமே, அந்த ஆற்றின் பெயரைத் தாங்கிய ஊர். திருவிற்கோலம் என்று சம்பந்தர் பாடிய தலம். ஆக நதிமூலமும் பக்கத்திலேயே இருக்கிறது, ரிஷிமூலம்தான் பாக்கி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நூற்று நாற்பது பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு மீதிப் பேரைத் தெரியாது. ஒரே கம்பெனி பஸ்ஸில் இரண்டு வருஷமாக ஒன்றாகப் போய் வந்த இரண்டு பையன்கள், தாங்கள் பங்காளிகள் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு அண்ணன் தம்பிகள், பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வேண்டியதாகி, "அந்த அப்பளத்தை இப்படித் தள்ளு" என்று பேச ஆரம்பித்தார்கள். இதற்காகவே வேன் வாடகை கொடுக்கலாம். சாப்பாடு பிரமாதம். சர்க்கரைப் பொங்கலில் நெய் ஒழுகியது.

இனி குறை.

வாசலில் பன்னிரண்டுக்கு எட்டு அடியில் ஒரு ஃப்ளெக்ஸ். 'வம்ச விருட்சம்' என்று தலைப்பு. ஆலமரம் மாதிரி ஒரு படம், கிளைகளில் போட்டோக்கள், போட்டோவுக்குக் கீழே பெயர்கள். எண்ணினேன். அறுபத்து மூன்று பெயர்கள். அறுபத்து மூவர் என்று நண்பர் பெருமையாகக் கையைக் கூப்பினார். அத்தனையும் ஆண்கள். அறுபத்து மூன்று நாயன்மார்களிலேயே பெண்கள் உண்டு சார், இதில் இல்லை.

நான் பி.காம். படித்தவன். எழுத வந்ததில் அந்தப் படிப்பு பெரும்பாலும் வீணாகிவிட்டது என்று வீட்டில் ஒரு அபிப்பிராயம் உண்டு. ஆனால் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் டேலி ஆகிறதா என்று பார்க்கிற புத்தி மட்டும் போகவில்லை. இரட்டைப் பதிவு முறையில் முதல் பாடம் என்ன? ஒரு இடத்தில் பற்று என்றால் இன்னொரு இடத்தில் வரவு இருந்தாக வேண்டும். ஒரு கல்யாணம் நடந்தால், ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் போகிறாள், இன்னொரு வீட்டுக்கு வருகிறாள். இரண்டு வீட்டுப் புத்தகத்திலும் பதிவு இருக்க வேண்டும். இந்த ஃப்ளெக்ஸில் வரவும் இல்லை, பற்றும் இல்லை. அறுபத்து மூன்று ஆண்கள் ஒருவரிலிருந்து ஒருவர் தாமாக முளைத்திருக்கிறார்கள், வாழைக் கன்று மாதிரி.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். எனக்கு அப்பா அம்மா இரண்டு பேர். தாத்தா பாட்டிகள் நாலு பேர். அதற்கு மேலே எட்டு, பதினாறு. ஐந்தாவது தலைமுறைக்குப் போனால் முப்பத்திரண்டு பேர். நம் ஊரில் அத்தை மகன், மாமன் மகள் கட்டுவதால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்து இந்த எண்ணிக்கை கொஞ்சம் குறையலாம். ஆனாலும் ஏறக்குறைய அவ்வளவு பேர் சேர்ந்துதான் ஒரு நான். அந்த முப்பத்திரண்டில் ஒருவர் பெயரைப் போட்டு 'எங்கள் வம்சம்' என்கிறோம். மீதி முப்பத்தொன்றை எந்த ஆடிட்டரும் கேட்பதில்லை.

கேட்டது ஒரு அத்தை.

எண்பதைத் தொட்டவர். ஏற்பாடுகளைச் செய்த பெரியவர், பாங்க்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், இந்த அம்மாவின் அண்ணன் மகன். அத்தை ஃப்ளெக்ஸ் எதிரே நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கீழிருந்து மேலாக ஒரு முறை, மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார்.

"ஏம்பா, என் பேரு எங்க?"

"அத்தை, நீங்க மாமா வீட்டு மரத்துல வருவீங்க. பொண்ணுங்கன்னா அந்தப் பக்கம்தானே."

"அவங்க போன வருஷமே போட்டுட்டாங்கப்பா. உங்க மாமா பேரு இருக்குது. பக்கத்துல பொட்டு வச்ச ஒரு பொம்மை இருக்குது. அதுதான் நானாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். அவர் கோபமாகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

பழைய கணக்குப் பிள்ளைகள் ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள்: அனாமத்து. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை அந்தக் கணக்கில் போட்டு வைப்பார்கள். விவரம் கிடைத்ததும் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. நம் குடும்பங்களில் அத்தைகள் எல்லாரும் எண்பது வருஷமாக அனாமத்தில் கிடக்கிறார்கள். பிறந்த வீட்டில் கேட்டால் புகுந்த வீடு, புகுந்த வீட்டில் கேட்டால் பொம்மை.

நம் ஊர் மட்டும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். வம்சம் பேசும் சங்கங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. கொழும்பில் டச்சு பர்கர் யூனியன் என்று ஒன்று. அரசு ஆவணக் காப்பாளராக இருந்த ஆர். ஜி. ஆன்தொனிஸ் முன்னின்று 1908-ல் தொடங்கியது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இலங்கைக்கு வந்த ஐரோப்பியர்களின் வழிவந்தவர்களுக்கானது. டிசம்பரில் குழந்தைகளுக்குப் புனித நிக்கலஸ் விழா, நடனம், விருந்து என்று கூடிக் களித்தார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் வம்சாவளியையும் தங்கள் சஞ்சிகையில் அச்சிட்டு வைத்தார்கள். அருமையான வேலை. ஆனால் சேருவதற்குத் தந்தை வழிதான் கணக்கு. பாட்டி பர்கர், தாத்தா வேறு என்றால் வாசலோடு சரி. 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு, அந்தச் சமூகத்தில் நிறையப் பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள்.

அமெரிக்காவில் நேர் எதிர். 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் வந்த நூற்றிச் சொச்சம் பேரின் வழிவந்தவர்களுக்கு 1897-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். அங்கே அப்பா வழியோ அம்மா வழியோ, நடுவில் எத்தனை பாட்டிகள் வந்தாலும் சரி, ஆவணம் காட்டினால் உறுப்பினர். பாட்டிகளைச் சேர்த்துக்கொண்டதால் மேஃப்ளவர் பெருமை ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

பக்கத்தில் கேரளத்துக்கு வாருங்கள். சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களில் 'குடும்பயோகம்' என்றே வைத்து வருஷா வருஷம் கூடுகிறார்கள். குடும்ப சரித்திரத்தைக் கெட்டி அட்டைப் புத்தகமாகப் போடுகிறார்கள். இந்த விஷயத்தில் நமக்கெல்லாம் அண்ணன்கள் அவர்கள். அதே சமூகத்தில்தான் 1916-ன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. உயில் இல்லாமல் அப்பா இறந்தால், மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அது மகளுக்கு. மேரி ராய் என்கிற ஒரு பெண் சுப்ரீம் கோர்ட் வரை போய், 1986-ல் அதை உடைத்தார். எழுத்தாளர் அருந்ததி ராயின் அம்மா. குடும்பப் புத்தகத்தில் பெண்ணின் பெயர் எப்படி இருக்கிறதோ, சொத்தில் அவள் பங்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

இங்கேதான் ஃப்ளெக்ஸ் வெறும் ஃப்ளெக்ஸ் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் மாநிலத்தில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு. அதற்கு முன்பே கல்யாணமானவர்களை மட்டும் அந்தச் சட்டம் விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தம் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்கிற அந்தப் பிரிவினையை எடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்கிற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்த்துவைத்தது. இருந்திருக்க வேண்டியதில்லை, பிறப்பாலேயே அவள் பங்காளி. தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வாங்கினால் கல்யாணமாகிப் போன மகளின் பெயரும் அதில் இருக்கும். அரசாங்கத்தின் காகிதத்தில் ஏறிவிட்ட பெயர், ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் பெரிசாகவே அச்சடித்துத் தருகிற ஃப்ளெக்ஸில் ஏற மறுக்கிறது.

இதை அந்த அத்தை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார். பந்தி முடிந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் வந்த பிறகு சுற்று வட்டாரத்தில் நிலம் விலை ஏறியதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"பத்து வருஷம் இருக்கும். இங்க இருந்த நிலத்தை வித்தாங்க. பத்திர ஆபீசுக்கு நான் கையெழுத்துப் போட வரணும்னு கார் அனுப்பிச்சாங்க. ஏசி கார். அன்னைக்கு என் பேரு எல்லாருக்கும் ஞாபகம் இருந்துச்சு. அப்பா பேரோட சேத்து, இன்ஷியலோட" என்றார்.

பணம் வந்ததா என்று கேட்டேன். "பொடவ எடுத்துக் குடுத்தாங்க" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இனி நிகழ்ச்சி நிரல். ஒன்பதரைக்கு டிபன், பத்தேகாலுக்குப் பூஜை, பிறகு அறிமுகம், மியூசிக்கல் சேர், தாம்போலா, சாப்பாடு, பரிசளிப்பு, குரூப் போட்டோ. 'குடும்ப வரலாறு - 10 நிமிடம்' என்று ஒரு வரியும் இருந்தது. டிபன் லேட்டானதில் வெட்டியது அந்தப் பத்து நிமிஷத்தைத்தான். தாம்போலாவில் ஒரு நிமிஷம்கூடக் குறைக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக் கதையைச் சொல்லத்தான் கூடினோம் என்று ஃப்ளெக்ஸ் சொல்கிறது. கூடிய பிறகு அதற்கு மட்டும் நேரமில்லை.

வரலாறு அன்றைக்கு மேடையில் இல்லை, மரத்தடியில் இருந்தது. அவர்களுடைய குலதெய்வம் ஒரு பெண் சாமி. ஃப்ளெக்ஸில் '300 ஆண்டு பாரம்பரியம்' என்று போட்டிருந்தார்கள். எங்கிருந்து கிடைத்தது என்றால், யாரோ ஃபார்வர்ட் செய்தார்களாம். அத்தை சொன்ன கதை வேறு. கல்யாணம் ஆகாமல் கிணற்றில் விழுந்து இறந்துபோன ஒரு பெண். இந்த வீட்டுப் பெண். ஏன் விழுந்தாள் என்பதற்கு அத்தையின் பாட்டி ஒரு காரணம் சொல்வாராம், தாத்தா வேறொரு காரணம் சொல்வாராம். வருஷம் ஒரு தடவை அவளுக்குப் பாவாடை சட்டை வைத்துக் கும்பிடுவது அதனால்தான். தமிழ்நாட்டில் கன்னி தெய்வங்கள், வீட்டுச் சாமிகள் பலவற்றுக்குப் பின்னால் இந்த மாதிரி ஒரு கதை உண்டு. செத்துப்போன மகளைச் சாமியாக்கிக் கற்பூரம் காட்டுகிறோம். உயிரோடு இருக்கிற மகள் பேரை எழுத இடமில்லை என்கிறோம்.

"பாரம்பரியம் அப்படி சார், பெண் பேரைப் போடுகிற பழக்கம் கிடையாது" என்றார் ஏற்பாட்டாளர். அவர் மோசமான மனிதர் இல்லை. இரண்டு மாசம் அலைந்து, சொந்தக் காசைப் போட்டு, இத்தனை பேரைச் சேர்த்தவர். ஆனால் பாரம்பரியம் என்கிற வார்த்தையை நான் அப்படியே விட மாட்டேன். பேரன் என்றால் என்ன? பெயரன். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். பேத்தி? பெயர்த்தி. பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள். காகிதமே தேவைப்படாத வம்சாவளி அது. இரண்டு பக்கமும் எழுதிய கணக்கு. அதுவும் நம் பாரம்பரியம்தானே?

கடம்பத்தூரிலிருந்து மூன்று ஸ்டேஷன் தள்ளி திருவாலங்காடு. அங்கே 1905-ல் கிடைத்த செப்பேடுகளில் சோழர்களின் வம்சாவளி இருக்கிறது. சூரியனிலிருந்து ஆரம்பிக்கிறது! ராஜேந்திர சோழனுக்குச் சூரியன் தேவைப்பட்டது, புரிகிறது, அவர் சக்கரவர்த்தி. நமக்கு எதற்கு? நம் வம்சாவளிகளும் மேலே போகப் போகப் புராணமாகிவிடுகின்றன. கீழே, கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிற பாட்டியின் பெயர் காணாமல் போய்விடுகிறது. அதே திருவாலங்காட்டில் வந்து சேர்ந்தவர் என்று சொல்லப்படும் காரைக்கால் அம்மையாரைப் பாருங்கள். அவரைப் பிரிந்துபோன கணவன் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த மகளுக்கு அவர் பெயரையே வைத்தான் என்கிறது பெரிய புராணம். புனிதவதி. ஓடிப்போன புருஷனுக்கே அந்தப் பெயரை விட மனசில்லை.

என்னை உறுத்துகிற இன்னொரு பட்டியலும் உண்டு. 1860-லிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர்கள் 1,52,184 பேர். முதல் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து போனது. ஏறியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. திருவள்ளூர் அடங்கிய அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்தும் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம் என்று குமாஸ்தா எழுதிவைத்தார். பெண்களுக்கும் தனி எண், தனிப் பெயர். கைக்குழந்தைக்கும். அன்பினால் எழுதவில்லை. கூலிக்கு ஆள் எண்ணினார்கள். நூறு ஆண்களுக்கு இத்தனை பெண்கள் என்று கணக்குக் காட்டவும் வேண்டியிருந்தது. ஆனாலும் இன்றைக்கு டர்பனிலிருந்து ஒரு பெண் தன் கொள்ளுப் பாட்டியின் ஊரைத் தேடி இந்தப் பக்கம் வர முடிகிறது என்றால், அந்த வரி இருப்பதால்தான். கூலி எண்ணிய குமாஸ்தா எழுதிய பெயரை, சொந்தப் பேரப் பிள்ளைகள் எழுதவில்லை என்பது நமக்கு அழகா?

சரி, விமர்சனம் என்றால் யோசனையும் சொல்ல வேண்டும். அடுத்த சந்திப்பில் தாம்போலா இருக்கட்டும், நானும் விளையாடுகிறேன். வரலாற்றுக்குப் பத்து நிமிஷம் போதாது, ஒரு மணி நேரம் வையுங்கள். மைக்கை மேடையில் இருப்பவரிடம் கொடுக்காமல், மூத்த பெண்மணி யாரோ அவரிடம் கொடுங்கள். கல்யாணமாகிப் போன பெண்களையும் அவர்கள் பிள்ளைகளையும் 'விருந்தினர்' என்று தனி பேட்ஜ் குத்தாமல் கூப்பிடுங்கள். ஃப்ளெக்ஸ் வேண்டாம், ஒரு நீளமான கணக்கு நோட்டு போதும். இடது பக்கம் பிறந்த வீடு, வலது பக்கம் புகுந்த வீடு. ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு பக்கமும் பதிவு. ஜாதிச் சங்கத் தலைவர்களைச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிடுவதை விட்டுவிடுங்கள். குடும்பம் கூடுகிற இடத்தில் அவர்கள் வந்தால், அடுத்த வருஷம் குடும்பம் இருக்காது, சங்கம்தான் இருக்கும்.

அன்றைக்கு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்றரைக்கு குரூப் போட்டோ. எல்லோரையும் வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அத்தையின் பேத்தி, காலேஜில் படிக்கிற பெண், பரிசுப் பொட்டலங்களில் எண் எழுத வைத்திருந்த மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு, இரண்டு பையன்களை விட்டு ஃப்ளெக்ஸை அவிழ்த்துத் திருப்பிப் போடச் சொன்னாள். பின்பக்கம் வெள்ளை. "சொல்லு பாட்டி" என்றாள். அத்தை சொல்லச் சொல்ல எழுதினாள். அத்தையின் அக்கா, தங்கை, அம்மா, அம்மாவின் நாத்தனார்கள், பாட்டி. மற்ற வீட்டுப் பெண்களும் ஒருவர் ஒருவராக வந்து குனிந்தார்கள். "எங்க ஆயா பேரையும் போடும்மா." போட்டோகிராபர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏற்பாட்டாளர் முதலில் முகம் சுளித்தார். அப்புறம் தன் அம்மாவின் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறது என்று அவரே பேனாவை வாங்கித் திருத்தினார்.

நாற்பது நிமிஷம் லேட். நாற்பத்தொன்பது பெயர்கள் வந்தன. இரண்டு பேரின் பெயர் அத்தைக்கே ஞாபகம் வரவில்லை. பெரியப்பாவின் முதல் சம்சாரம் ஒருத்தி. இன்னொருத்தி அந்தக் கிணற்றுப் பெண், அவளை எல்லோரும் அம்மா என்றுதான் சொல்லிப் பழக்கம். இரண்டு இடத்தையும் காலியாக விட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள் அந்தப் பெண்.

உங்கள் வீட்டில் அந்தக் காலி இடம் எத்தனை என்று தெரியவில்லை. நிரப்பத் தெரிந்தவர் இன்னும் இருக்கிறார் என்றால், இந்தப் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு அவருக்கு ஒரு போன் போடுங்கள்.